பிக்கப் வண்டியில் கூடுதல் டீசல் டேங்க் பொருத்த இருப்பவர்கள் கவனத்துக்கு

டிரெய்லர் இழுப்பதற்காக டீசல் பிக்கப் வைத்திருக்கும் டெக்சாஸ் நண்பர்கள், கூடுதல் எரிபொருள் டேங்க் வைக்கும் எண்ணத்தில் இருந்தால், பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை முழுமையாகப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். டாலஸ் பகுதியில் உள்ள ஒரு பட்டறை, உள்ளே டீசல் தளும்பாமல் தடுக்கும் தகடுகள் கொண்ட அலுமினிய டேங்க் என்று விலை பேசிவிட்டு, துத்தநாகம் பூசிய இரும்பு டேங்க்கை, எரிபொருளுக்கே ஆகாத ரப்பர் குழாயுடன், இருக்க வேண்டிய நிறுத்து வால்வு இல்லாமல் என் வண்டியில் பொருத்திக் கொடுத்தது. வண்டியின் விலையுயர்ந்த உயரழுத்தப் பம்ப் தப்பியது ஃபில்டரின் புண்ணியம்தான். பட்டறையின் பொறுப்பால் அல்ல.

கூடுதல் டேங்க் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னுடையது 6.7 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட, குட்டைப் படுக்கை (பின்பக்கச் சரக்குத் தளம்) உள்ள ஃபோர்டு எஃப்-250. அதன் டேங்க் 29 கேலன் கொள்ளும். வெறும் வண்டியாக ஓடும்போது அது தாராளம். பின்னால் எட்டாயிரம் பவுண்டு டிரெய்லர் மாட்டிவிட்டால் ஒரு கேலனுக்குப் பத்து மைல் கிடைப்பதே பெரிது. எதிர்க்காற்றில் அதுவும் கிடைக்காது. டேங்க்கை அடிவரை காயவிடக் கூடாது என்பதால் 230, 240 மைலுக்கு ஒருமுறை நிரப்பியாக வேண்டும். யூட்டாவில் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை நூறு மைலுக்கு மேல் ஒரு பங்க் கூடக் கிடையாது. ஆனால் தூரத்தை விடப் பெரிய தொல்லை இடம்தான். சிறு ஊர்ப் பங்க்குகளில் டீசல் குழாய் பெட்ரோல் வரிசைக்கு நடுவில் இருக்கும். நீளமான டிரெய்லருடன் உள்ளே நுழைந்துவிட்டால், திரும்பி வெளியே வருவதற்குள் கூரைத் தூணிலோ மற்றவர் காரிலோ உரசாமல் இருப்பது பெரும்பாடு. காலையில் வீட்டில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் மாலையில் முகாமுக்குப் போய்ச் சேரும் வரை பங்க் பக்கமே போகத் தேவையில்லை என்ற வசதிக்காகத்தான் பலரும் இந்த டேங்க்கை நாடுகிறார்கள். அந்தத் தேவையில் தவறே இல்லை.

பட்டறைக்காரர் தந்த விலைப்புள்ளியில் 50 கேலன் அலுமினிய டேங்க், உள்ளே அலைத் தடுப்புத் தகடுகள், புவியீர்ப்பு முறையில் பிரதான டேங்க்குடன் இணைப்பு, எல்லாம் சேர்த்து 1,850 டாலர் என்று எழுதியிருந்தது. வேலை முடிந்தபின் கொடுத்த பில்லிலோ ‘எரிபொருள் டேங்க் பொருத்தியது’ என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. தயாரிப்பாளர் பெயர், பாகத்தின் எண், எந்த உலோகம் என்ற விவரம் எதுவும் இல்லை. கேட்டதற்கு, எல்லா விவரமும் கணினியில் பதிவாகியிருக்கிறது, தேவைப்படும்போது அச்செடுத்துத் தருகிறோம் என்றார்கள். கடைசிவரை அது வரவே இல்லை.

முதல் அறிகுறி, மேடான என் வீட்டு வண்டிப்பாதையில் முகப்பு மேல்நோக்கி இருக்குமாறு வண்டியை நிறுத்தியிருந்த ஓர் இரவுக்குப் பின் தெரிந்தது. இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு அருகே சிமெண்ட் தரையில் டீசல் பரவிக் கிடந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனபோது மூடி சரியாக இறுகவில்லை என்று சொல்லி, புது மூடி ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள். உண்மையான காரணம் மூடி அல்ல என்பது எரிபொருள் வேலை தெரிந்த எவருக்கும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

புவியீர்ப்பு முறையில் இயங்கும் டேங்க், படுக்கையில் உயரமாக அமர்ந்திருக்கும். அதன் அடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, பிரதான டேங்க்கை நிரப்பும் குழாயில் ஒரு டி-வடிவ இணைப்பின் வழியே சேரும். எஞ்சின் டீசலைக் குடிக்கக் குடிக்க, மேலிருப்பது தானாகக் கீழே இறங்கும். பம்ப், மின்கம்பி எதுவும் வேண்டாம் என்பதால் இது எளிய முறை, டீசல் வண்டிகளுக்கு நல்ல முறையும்கூட. ஆனால் பிரதான டேங்க் நிரம்பியதும் வரத்தைத் தானாக அடைக்கும் நிறுத்து வால்வு ஒன்று அந்த இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், சரிவில் வண்டி நிற்கும்போது மேல் டேங்க்கின் முழுப் பாரமும் கீழ் டேங்க்கின் மீது அழுத்த, டீசல் காற்றுப்போக்கி வழியாகவோ மூடி வழியாகவோ வெளியேறிக்கொண்டே இருக்கும். மேல் டேங்க்கின் காற்றுப்போக்கியிலும், வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வு தேவை. என் வண்டியில் இரண்டுமே இல்லை. கையால் திருப்பும் ஒரு சாதாரணப் பித்தளைக் குழாயடைப்பு மட்டுமே இருந்தது. 10,000 பவுண்டு வரை மொத்த எடை அனுமதிக்கப்பட்ட வண்டிகள், மோதலில் அளவுக்கு மேல் எரிபொருள் சிந்தக் கூடாது என்ற மத்திய அரசின் 301-ஆம் எண் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அப்படிச் சோதித்து அனுப்பப்பட்ட ஓர் அமைப்பில், பின் இருக்கையில் குழந்தைகள் அமரும் ஒரு வண்டியில், இவ்வளவு அலட்சியமாகக் கைவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து, டிரெய்லருடன் ஓர் ஏற்றத்தில் போகும்போது எரிபொருள் அழுத்தம் குறைவு என்ற எச்சரிக்கை திரையில் தோன்றி எஞ்சின் இழுவை குறைந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, பிறகு மெல்ல ஓட்டி, விற்பனை நிலையத்தின் பழுதுப் பிரிவில் விட்டேன். அங்கிருந்த மெக்கானிக் கழற்றிக் காட்டிய ஃபில்டரை இன்னும் மறக்க முடியவில்லை. மடிப்பு மடிப்பான தாள் முழுவதும் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது; விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போனது. அவர் நேராகப் படுக்கைக்குப் போய், கருவிப் பெட்டியில் ஒட்டியிருந்த சிறிய காந்தத்தை எடுத்து டேங்க்கின் பக்கவாட்டில் வைத்தார். அது சட்டென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. வெளியே கறுப்புப் பூச்சு பூசியிருந்தார்கள். மூடியைத் திறந்து விளக்கை அடித்துப் பார்த்தபோது, உள்சுவரில் துத்தநாகப் பூச்சுக்கே உரிய பளபளக்கும் படிகக் கோலம் தெளிவாகத் தெரிந்தது. தடுப்புத் தகடு ஒன்றுகூட இல்லை. பாதி நிரம்பிய டேங்க்குடன் பிரேக் அடிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தத் தளும்பல் ஓசைக்கும் விடை கிடைத்தது.

துத்தநாகமும் டீசலும் ஒத்துப்போகாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. டீசலில் உள்ள கரிம அமிலங்களுடன் துத்தநாகம் வினைபுரிந்து ஒருவகைச் சோப்பாக மாறுகிறது. அதுதான் ஃபில்டரை அடைத்த பசை. ஃபில்டரைத் தாண்டிப் போவது, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் நுண்துளைகளில் படிகிறது. குழாயின் கதை இன்னும் மோசம். அதன்மேல் வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தால், அது எஞ்சின் குளிர்விப்பு நீருக்கான குழாய். அவ்வகை ரப்பர் டீசலில் ஊறினால் உப்பிப்போகும். இணைப்புக்கு அருகே விரல் நகத்தால் அழுத்தியபோது தடம் அப்படியே பதிந்து நின்றது. இன்னும் சில வாரம் ஓடியிருந்தால் அது கிளிப்பிலிருந்து பிதுங்கிக் கழன்றிருக்கும் என்றார் மெக்கானிக்.

இதில் பண விஷயம் ஏன் இவ்வளவு கடுமையானது என்றால், என் எஞ்சினில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் சிபி-4 வகை உயரழுத்தப் பம்ப். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30,000 பவுண்டு அழுத்தத்தில் டீசலை அனுப்பும் இந்தப் பம்ப்புக்கு மசகு எண்ணெயும் அதே டீசல்தான். டீசலில் நீரோ அழுக்கோ கலந்தாலும், வரத்து குறைந்தாலும், உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசி, துகள்கள் குழாய்கள், இன்ஜெக்டர்கள் என்று அமைப்பு முழுவதும் பரவிவிடும். அதன்பின் பம்ப்பை மட்டும் மாற்றினால் போதாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்; செலவு பத்தாயிரம் டாலரைத் தொடும். உத்தரவாதமும் கைகொடுக்காது. 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் ஒன்றைப் பொருத்தியதற்காக மட்டும் வண்டி நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்க முடியாது. ஆனால் பழுதுக்கு அந்தப் பாகமே காரணம் என்று காட்ட முடிந்தால் மறுக்கலாம். சாம்பல் பசை படிந்த ஃபில்டரை விடத் தெளிவான சான்று அவர்களுக்கு வேண்டியதில்லை. ‘உங்கள் உத்தரவாதத்துக்கு ஒன்றும் ஆகாது’ என்று பட்டறைக்காரர் வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லை.

எடையைப் பற்றியும் அவர்கள் வாயே திறக்கவில்லை. ஒரு கேலன் டீசல் ஏறத்தாழ ஏழு பவுண்டு; 50 கேலன் என்றால் 350 பவுண்டு, இரும்பு டேங்க்கின் எடை தனி. ஓட்டுநர் கதவின் நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் உள்ள தாங்கு எடையிலிருந்து (வண்டி சுமக்கக்கூடிய எடை) இதைக் கழிக்க வேண்டும். டிரெய்லரின் எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு கொக்கியின் மேல் அமரும். அதையும் குடும்பத்தையும் கழித்தால், என்னுடையது போன்ற ‘முக்கால் டன்’ வகை வண்டியில் மிச்சம் நாம் நினைப்பதை விடக் குறைவு. பட்டறை இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

பழுதுப் பிரிவில் இரண்டு ஃபில்டர்களையும் மாற்றி, பிரதான டேங்க்கை இறக்கிக் கழுவி, வரத்துக் குழாய்களைச் சுத்தம் செய்ததற்கு டேங்க்குக்குக் கொடுத்த தொகையை விட அதிகமாகவே ஆனது. மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வமான அறிக்கை, ஃபில்டரின் படங்கள், குழாயின் துண்டு ஆகியவற்றுடன் பட்டறைக்குப் போனபோது, பொருத்திய பாகத்துக்குப் பணம் திரும்பத் தருவதில்லை என்று சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார்கள். சொன்ன பொருளுக்குப் பதில் வேறு பொருளைக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பலகை பாதுகாப்பு அல்ல. டெக்சாஸின் ஏமாற்று வணிக முறைகள் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்வதற்கு 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் பதிந்திருக்கிறேன். அறிவிப்புக் காலம் முடிவதற்குள் டேங்க்குக்கான 1,850 டாலரைத் திருப்பித் தந்துவிட்டார்கள். சுத்தம் செய்த செலவைத் தர மறுக்கிறார்கள். 20,000 டாலர் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் அதற்காக மனுக் கொடுத்திருக்கிறேன்.

புதிதாக வைக்க இருப்பவர்கள், தயாரிப்பாளர் பெயர், பாக எண், உலோகம், கொள்ளளவு, நிறுத்து வால்வின் விவரம் ஆகிய அனைத்தும் விலைப்புள்ளியில் மட்டுமன்றிப் பில்லிலும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். டேங்க்குடன் வரும் பொருத்தும் முறைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அது இல்லாமல் விற்பதில்லை. கிரெடிட் கார்டில் பணம் கட்டினால், தகராறு எழும்போது கேள்வி கேட்க இன்னொரு வழி இருக்கும். படுக்கையில் இடத்தை இழக்க மனமில்லாதவர்கள், பிரதான டேங்க்கையே எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிதாக வைக்கும் பாலிஎதிலீன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) டேங்க்குகளையும் விசாரித்துப் பாருங்கள். கூடுதல் இணைப்பு, கூடுதல் குழாய் எதுவும் இல்லாத அந்த முறையைத்தான் நான் இப்போது தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஏற்கெனவே இப்படி ஒரு டேங்க் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, பிறகு மூடியைத் திறந்து உள்சுவரில் படிகக் கோலம் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். டீசலுக்கானது என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் இணைப்பு வால்வை மூடிவிட்டு, எஞ்சினை முடுக்காமல், ஃபில்டரைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு டீசல் மெக்கானிக்கை அழையுங்கள்.