வஞ்சி எது என்று எழுதப்போகும் மாணவருக்கு: எல்லையூரிலிருந்து நூலகமும் இணையமும்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் எம்.ஏ. படிக்கிறவர்கள் ஆய்வேட்டுக்குச் சேரநாட்டையும், சேர மன்னரைப் பாடும் சங்கநூலான பதிற்றுப்பத்தையும் எடுப்பது வழக்கம். இரண்டு மூன்று வாரம் தேடிவிட்டு "மெட்டீரியல் இல்லை" என்று வருகிறார்கள். மெட்டீரியல் நிறையவே இருக்கிறது. ஒரே நூல் நான்கு பெயரில், மூன்று எழுத்தில், இரண்டு ஆண்டுக்கணக்கில் கிடப்பதுதான் சிக்கல். நெடுநாள் பயன்பாட்டில் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது என்பதை 'சேரர் தலைநகர் வஞ்சி கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா' என்ற தலைப்பை வைத்தே சொல்கிறோம்.

முதலில் கணினியை விட்டுவிட்டு ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாதவர்கள் இரண்டு இராகவையங்கார்கள். 'வஞ்சிமாநகர்' எழுதியவர் இரா. இராகவையங்கார். 'சேரன் செங்குட்டுவன்' எழுதியவர் மு. இராகவையங்கார். இருவரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்து 'செந்தமிழ்' இதழோடு தொடர்புடையவர்கள், அதனால் ஒருவர் கருத்தை மற்றவர் தலையில் ஏற்றிய ஆய்வேடுகள் உண்டு. முதலெழுத்தை விட்டுவிட்டு மேற்கோள் காட்டவே கூடாது. தேடும்போது இராகவையங்கார், ராகவையங்கார், ராகவ ஐயங்கார் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். நூல் பெயரையும் 'வஞ்சிமாநகர்' என்று சேர்த்து ஒரு தடவை, 'வஞ்சி மாநகர்' என்று பிரித்து ஒரு தடவை.

ஆங்கில எழுத்தில் பட்டியலிட்ட நூலகங்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். சிலப்பதிகாரம் சில இடத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்கும், வெளிநாட்டு நூலகப் பட்டியலில் 'சி' எழுத்தில் தொடங்கும், கேரள நூலகங்களில் மலையாள உச்சரிப்பை ஒட்டி 'சி-எச்' சேர்த்துத் தொடங்கும். நடுவில் வரும் 'தி'யை ஒருவர் 'டி' என்றும் ஒருவர் 'டி-எச்' என்றும் எழுதியிருப்பார். ஒரு வடிவத்தில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று எழுந்து வந்தால் பாதி அலமாரியைப் பார்க்கவே இல்லை என்று பொருள். கேரளக் கிராமத்து வாயனசாலைகளில் (படிப்பகங்களில்) தமிழ் நூலின் பெயரை மலையாள எழுத்தில் பதிந்திருக்கவும் கூடும், அதனால் பதிவேட்டைத் தள்ளி வைத்துவிட்டு அலமாரியையே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

மூலநூலுக்கு முதலில் போகவேண்டிய இடம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். பழைய அச்சுப் பக்கம் அப்படியே படமாகக் கிடைக்கும், மேற்கோளுக்கு அதுதான் வேண்டும். மதுரைத் திட்டம் 1998 முதல் தரும் மின்னுரைகள் சொல் தேடுவதற்கு அருமையானவை. 'வஞ்சி' என்று போட்டால் வருமிடமெல்லாம் நொடியில் தெரியும். ஆனால் அச்சுநூலின் பக்க எண் அதில் கிடைக்காது. மின்னுரையில் தேடிக் கண்டுபிடியுங்கள், அச்சுப்பக்கத்தில் சரிபாருங்கள், அச்சுப்பக்கத்தையே காட்டுங்கள். தேடும்போது சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். 'பதிற்றுப்பத்து' என்று முழுதாகப் போட்டால் 'பதிற்றுப்பத்தில்', 'பதிற்றுப்பத்தின்' எதுவும் அகப்படாது. 'பதிற்றுப்பத்' வரை போட்டால் எல்லாம் வரும்.

பதிற்றுப்பத்தில் ஒரு பொறி இருக்கிறது. முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை, அதனால் கைக்கு வந்த 80 பாடல்களின் எண் 11இல் தொடங்கும். செங்குட்டுவனைப் பரணர் பாடிய ஐந்தாம்பத்தின் முதற்பாட்டை ஒருவர் '41' என்பார், இன்னொருவர் '5:1' என்பார். இரண்டும் ஒன்றே. ஏட்டில் ஏதேனும் ஒரு முறையைக் கடைசிவரை பின்பற்றுங்கள். ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் வரும் பதிகம் அந்தப் புலவர் வாக்கன்று, பின்னால் சேர்ந்தது. பதிகத்து வரியை எடுத்து 'பரணர் கூறுகிறார்' என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். அதேபோல் சிலம்பின் வஞ்சிக்காண்டத்துக்கு அடியார்க்குநல்லார் உரையைத் தேடி அலையவேண்டாம். அந்தக் காண்டத்துக்கு அவர் உரை கிடைக்கவில்லை. அரும்பதவுரையும் வேங்கடசாமி நாட்டார் உரையும்தான் துணை.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உள்ள ஸ்கேன்களில் பக்கம் விடுபட்டிருப்பது உண்டு. பழைய அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பது பொதுவழக்கு, ஃபாரத்தின் முதற்பக்க அடியில் சிறிய எண் இருக்கும். அந்த எண் வரிசையாக வருகிறதா என்று பார்த்தால் பெரிய விடுபாடு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிடிஎஃப் திரையில் காட்டும் எண் வேறு, நூலில் அச்சான எண் வேறு. முகவுரைப் பக்கங்களையும் திரை சேர்த்து எண்ணுவதால் இரண்டும் ஒத்துவராது. ஏட்டில் போகவேண்டியது அச்சான எண்.

ஆண்டு விஷயத்தில் எல்லைநாட்டு மாணவர் கூடுதல் கவனம் வைக்கவேண்டும். திருவிதாங்கூர்ப் பக்கம் அச்சான நூலில் கொல்லம் ஆண்டு மட்டும் இருக்கலாம். ஆங்கில ஆண்டு வேண்டுமானால் சிங்க மாதம் (ஆவணி) முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825. பெரியவர்கள் சொல்லும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' கொல்லம் 1099 கர்க்கடகம், அதாவது 1924 ஜூலை. கணக்கை நினைவில் வைக்க அது போதும். திருவள்ளுவர் ஆண்டானால் 31 கழிக்கவேண்டும். வெறும் 'பிரபவ' என்று தமிழாண்டின் பெயர் மட்டும் இருந்தால் 1867, 1927, 1987 மூன்றும் பொருந்தும். அச்சகப் பெயரையும் விலையையும் பார்த்துத்தான் முடிவுகட்ட முடியும்.

முன்னாய்வுகளுக்குச் சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம். ஆய்வேடுகள் இயல்வாரியாகத் தனிக் கோப்புகளாக இருக்கும். கடைசிக் கோப்பான துணைநூற்பட்டியலை முதலில் இறக்குங்கள், அங்கேயே பாதித் தேடல் முடிந்துவிடும். பழைய தமிழ் ஆய்வேடுகள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருப்பதால் உள்ளே தேடினால் ஒன்றும் வராது, நகலெடுத்தால் குப்பையாக வரும். எழுத்துரு மாற்றியில் போட்டெடுக்கலாம். வெறும் படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாகும். கோப்பை 2 எம்பிக்குள் துண்டுபோட்டு ஏற்றுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னா, ணை, லை வடிவங்களை இயந்திரம் தப்பாக வாசிக்கும், 'ர'வும் துணைக்காலும் இடம் மாறும். அப்படி எடுத்த செய்யுளைப் படத்தோடு ஒத்துப்பார்க்காமல் ஏட்டில் ஒட்டவே கூடாது.

ஆங்கிலக் கட்டுரைகளுக்குக் கல்லூரி நூலகரிடம் என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்னிதழ், மின்நூல் திட்டம்) கணக்குக் கேளுங்கள். ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். கல்வெட்டுப் பக்கம் போவதானால் 'திருவிதாங்கூர் ஆர்க்கியலாஜிக்கல் சீரிஸ்' தொகுதிகள் கொடுங்கல்லூர்க் கட்சிக்கும் கரூர்க் கட்சிக்கும் பொதுவான சரக்கு. கரூர்க் கட்சிக்கு, கரூர் அருகே சேர அரசரைக் குறிக்கும் புகழூர்க் கல்வெட்டு இல்லாமல் முடியாது.

இணையத்தில் அகப்படாத பழைய இதழுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகமும் தமிழ்த்துறையும் உள்ளன. ரயிலேறுமுன் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், அடையாள அட்டை, தேவையான நூல்களின் பட்டியல் மூன்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 'செந்தமிழ்' மாதிரி இதழைக் கேட்கும்போது கட்டுரைத் தலைப்பை மட்டும் சொன்னால் ஊழியருக்கு ஒன்றும் தெரியாது. தொகுதி எண், பகுதி எண், தமிழாண்டு, மாதம் நான்கும் எழுதிக் கொடுங்கள். கட்டுரையைப் படமெடுக்கும்போதே இதழின் அட்டையையும், நூலானால் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அந்த ஒரு பக்கத்துக்காக ஏட்டை ஒப்படைக்கும் வாரத்தில் மறுபடி திருவனந்தபுரம் போய்வர நேரமிருக்காது.