டிரைவ் ஸ்லோன்னு சொல்லி சுவிட்ச் வித்தாங்க, கடைசில டிரைவும் போச்சு

மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தற டிரைவ் (விஎஃப்டி) எல்லாத்தயும் நெட்வொர்க்ல கோர்த்து, மெஷின ஓட்டற கன்ட்ரோலரான பிஎல்சிக்கு கொண்டு வர்ற வேலைய வெளியாளுங்க கிட்ட குடுக்கப் போறீங்கன்னா இத படிச்சிட்டு குடுங்க. பேர் சொல்லப் போறதில்ல.

எங்களுக்கு வேண்டியது சிம்பிள், மோட்பஸ் டிசிபில (நெட்வொர்க் வழியா பிஎல்சியும் டிரைவும் பேசிக்கிற முறை) ஒவ்வொரு டிரைவ்லயும் ஸ்பீடு, கரண்ட், ஃபால்ட் கோடு, ஸ்டேட்டஸ் படிக்கணும், ஸ்பீடு ரெஃபரன்ஸ் (எவ்ளோ வேகத்துல ஓடணும்ங்கிற வேல்யூ) எழுதணும், அவ்ளோதான். கமிஷனிங் அன்னிக்கு ரெண்டு டிரைவ மட்டும் ஓட்டிக் காட்டி "பாருங்க சார் சூப்பரா வருது"ன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. மொத்தத்தயும் கோர்த்ததும் ஸ்கிரீன்ல வேல்யூ ஆடி அசைஞ்சு வருது, மோட்டார் ட்ரிப் ஆகி நின்னுடுச்சு ஆனா ஸ்கிரீன் இன்னும் ஓடுதுன்னே காட்டுது. கேட்டா டிரைவோட கம்யூனிகேஷன் கார்டு ஸ்லோவாம், உங்க நெட்வொர்க் சரியில்லயாம், நெட்வொர்க் ட்ராஃபிக்க கட்டுப்படுத்தற மேனேஜ்டு சுவிட்ச் போடணும்னு தனியா ஒரு கொட்டேஷன். போட்டோம். ஒரு மண்ணும் மாறல.

அப்புறம் எங்க மெயின்டனன்ஸ் பையன் வயர்ஷார்க்னு நெட்வொர்க்ல போறத பிடிச்சு காட்டற சாஃப்ட்வேர போட்டு, மோட்பஸ் போற போர்ட் 502 ட்ராஃபிக்க பாத்தப்ப தான் வண்டவாளம் தெரிஞ்சது. ஒரு ரெஜிஸ்டருக்கு (டிரைவ்ல ஒரு வேல்யூ இருக்கிற இடம்) ஒரு ரிக்வெஸ்ட், அதுக்கும் ஒவ்வொரு தடவயும் புதுசா டிசிபி கனெக்ஷன் திறந்து, ஒண்ணே ஒண்ண படிச்சு, மூடி, திரும்ப திறந்து அடுத்தது. மோட்பஸ்ல படிக்கிற கட்டளையான ஃபங்ஷன் கோடு 03 ஒரே ரிக்வெஸ்ட்ல 125 ரெஜிஸ்டர் வரைக்கும் அள்ளிட்டு வருமே! இங்க நேரம் போறது டேட்டா அளவுல இல்ல, கேட்டுட்டு டிரைவ் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கிறதுல தான், அந்தக் காத்திருப்ப தான் பெருக்கி வச்சிருக்காங்க. ரெஜிஸ்டர் அட்ரஸ் எல்லாம் சிதறிக் கிடக்குன்னு ஒரு சாக்கு வேற சொன்னாங்க. எங்க டிரைவ் மேனுவல்லயே வேண்டிய பாராமீட்டர்கள பக்கத்து பக்கத்து ரெஜிஸ்டர்ல மேப் பண்ணிக்கிற வசதி போட்டிருக்கு, அவங்க மேனுவல திறந்தே பாக்கல போல.

இதுகூட பரவால்ல, லேட் தானேன்னு விட்டிருப்பேன். ஸ்பீடு ரெஃபரன்ஸ எழுதினாங்களே அது தான் கொடுமை. அதுக்குன்னு இருக்கிற ரெஜிஸ்டர விட்டுட்டு, டிரைவ்ல முன்கூட்டியே செட் பண்ணி வைக்கிற ப்ரீசெட் ஸ்பீடு பாராமீட்டர்ல நொடிக்கு நொடி எழுதிட்டு இருந்தாங்க, வேல்யூ மாறுதோ இல்லயோ எழுதும். எங்க மாடல்ல அந்தப் பாராமீட்டர் நேரா ஈப்ராம்ல, அதாவது கரண்ட் போனாலும் அழியாத மெமரில, சேவ் ஆகும். ஈப்ராம்னா பொதுவா 1 லட்சத்துல இருந்து 10 லட்சம் தடவ எழுதலாம்னு ரேட்டிங் இருக்கும். நொடிக்கு ஒரு தடவன்னா 1 லட்சம் 28 மணி நேரத்துல காலி, 10 லட்சம்னாலும் 12 நாள் தாங்காது, கணக்கு போட்டுக்கோங்க. வரிசையா மெமரி ஃபால்ட் அடிச்சு டிரைவ் படுத்துச்சு, அதுக்கு அவங்க குடுத்த ரிப்போர்ட்ல "வோல்டேஜ் ஃப்ளக்சுவேஷன்"!

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எல்லா டிரைவும் கனெக்ட் ஆகி ஓடும்போது ஒரு ஸ்கேனுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு எழுதி வாங்குங்க, எந்த அட்ரஸ்ல எழுதறாங்க, அது ராமா (எத்தன தடவ எழுதினாலும் தேயாத மெமரி) ஈப்ராமான்னு லிஸ்ட் கேளுங்க, ஒரு டிரைவோட நெட்வொர்க் கேபிள புடுங்கி விட்டு அது என்ன பண்ணுதுன்னும் மத்த டிரைவோட ரீடிங் தொங்குதான்னும் பாருங்க. முக்கியமா பிஎல்சி ப்ரோக்ராம் பாஸ்வேர்ட் இல்லாம கைக்கு வரணும்னு ஆர்டர்லயே போடுங்க. நாங்க போடல, அதனால இந்தக் கூத்த சரி பண்ணவும் இப்ப அதே ஆளுங்க தான் ப்ரோக்ராம திறக்கணும், அதுக்கும் சர்வீஸ் சார்ஜ் கேக்கறாங்க.