வாடகைக் காரும் ஹைவே காசும்

கிளிநொச்சியிலிருந்து வெளிநாட்டுச் சொந்தங்களை ஏற்றி இறக்க ஆறு வருடமாக வாடகைக் கார்தான் எடுக்கிறேன். வன்னிக்குள் ஓடும்வரை வீதிக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. ஏ9 வீதியில் ஒரு சதம் கேட்க மாட்டார்கள். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலமும் அப்படித்தான். வட்டுவாகலின் ஒடுங்கிய பழைய பாலத்தில் எதிரே வருபவருக்கு வழிவிட்டுக் காத்து நின்றதுதான் நான் கொடுத்த ஒரே கட்டணம்.

அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று போனால் கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் ஹைவே பக்கமே போகத் தேவையில்லை. ஆனால் கொழும்பில் வெள்ளவத்தையில் இரண்டு நாள் நிற்காமல் எந்தச் சொந்தம் ஊருக்கு வருகிறது? அங்கேதான் கட்டுநாயக்க ஹைவே வருகிறது. ஏறும்போது ரிக்கெட், இறங்கும்போது காசு. பேலியகொட வரை காருக்கு 300 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

ஒருமுறை எடுத்த காரின் கண்ணாடியில் தானியங்கிக் கட்டண ஸ்டிக்கர் இருந்தது. நானும் பெரிய ஆள் மாதிரி அந்த வரிசையில் போய் நின்றேன். தடுப்பு எழும்பவில்லை. பின்னால் ஹோர்ன் சத்தம். கார்க்காரருக்குப் போன் எடுத்தால், "தம்பி, அதில காசு முடிஞ்சு கன மாசம்" என்கிறார். பின்னுக்கு எடுத்து மற்ற வரிசைக்கு மாறுவதற்குள் வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு சாவி வாங்கும்போதே ஸ்டிக்கரில் மிச்சம் இருக்கிறதா, அது யாருடைய காசு என்று கேட்டுவிடுகிறேன். நூறு ரூபாய்த் தாள்களும் தனியாக வைத்திருப்பேன்.

கனடா மச்சானுக்கு இந்தக் கதை சிரிப்பாக இருந்தது. டொராண்டோவின் 407 ஹைவேயில் காசு வாங்க ஆளே இல்லையாம். கமரா நம்பர் தகட்டைப் படம் எடுக்கும், பில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவருக்குப் பிறகு வந்த கணக்கில் வீதிக் கட்டணத்தைவிடச் சேவைக் கட்டணம் கூடவாம். "உங்கட ரிக்கெட் எவ்வளவோ மேல், குடுத்தா அதோட முடிஞ்சுது" என்றார்.

2022 ஜனவரியில் திறந்த குருணாகல் – மீரிகம ஹைவேயிலும் இரண்டு தடவை போனேன். ஓட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீரிகமவில் இறங்கிப் பழையபடி நெரிசலுக்குள்தான் விழ வேண்டும். தம்புள்ளைப் பக்கம் வேலை இருந்தால் மட்டும் அந்த வழி. இல்லாவிட்டால் புத்தளம்தான், மச்சானும் வழியில் கருவாடு வாங்கலாம் என்கிறார்.