குவார்ட்டர்பேக் கோச்சிங், 24 செஷன் பேக்கேஜ் முடிஞ்சுது: காலுக்கு 5 ஸ்டார், கைக்கு 2

அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்த எறியற ஆள்தான் குவார்ட்டர்பேக். என் பையனுக்கு அத சொல்லிக் குடுத்த கோச் பேரு போட மாட்டேன், யாரும் கேக்காதீங்க. அந்த கோச் கெட்ட மனுஷன் இல்ல, டைமுக்கு வருவார், பையன்கிட்ட ஒரு நாள் கூட கத்தினதில்ல. ஆனா 1800 டாலர் குடுத்தவ நான், அதனால நல்லது கெட்டது ரெண்டையும் எழுதிடறேன், இந்த சீசனுக்கு பிள்ளைய சேக்கலாமா வேணாமான்னு யோசிக்கிற யாருக்காவது உதவட்டும்.

நாங்க இருக்கறது டெக்சாஸ்ல. இங்க ஏழாங்கிளாஸ்லயே ஸ்கூல் டீம்ல ஃபுட்பால் ஆரம்பிச்சிடுது, நான் சொல்றது ஹெல்மெட் மாட்டிட்டு மோதிக்கிற ஃபுட்பால். என் பையனுக்கு 13 வயசு. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடினான், இடுப்புல தொங்கற துணிய உருவினா ஆட்டம் அங்கயே நின்னுடும், யாரும் யாரையும் கீழ தள்ள மாட்டாங்க, நானும் நிம்மதியா சேர் போட்டு உக்காந்து பாப்பேன். அங்கதான் இவன் நல்லா எறியறான்னு குவார்ட்டர்பேக்கா நிக்க வெச்சாங்க. உடனே எங்க வீட்டுக்காரருக்கு வேகம் வந்துடுச்சு. கூட ஆடற பசங்க பாதிப் பேருக்கு தனி கோச் இருக்கு, நம்ம பையன் மட்டும் பின்தங்கிடுவான்னு ஒரே பேச்சு. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், செஷனுக்கு 75 டாலர்னு 24 செஷன் பேக்கேஜ் மொத்தமா கட்டியாச்சு.

மொதல் நாளே ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு. கோச் பந்த கைல வாங்கிப் பாத்துட்டு சிரிச்சார். நாங்க பெருமையா வாங்கி வெச்சிருந்தது பெரியவங்க ஆடற ஃபுல் சைஸ் பந்து. 12லேருந்து 14 வயசுக்கு யூத் சைஸ்னு தனியா ஒண்ணு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. சின்னக் கைல பெரிய பந்து நிக்காது, நிக்கலன்னா பிள்ளை பந்த உள்ளங்கைல வெச்சு குண்டு எறியற மாதிரி தள்ளுவான், அப்பறம் அதுவே பழக்கமாயிடும்னார். அன்னிக்கே புதுப் பந்து வாங்கினோம், அடுத்த வாரமே பந்து ஸ்பைரலா, அதாவது தன்னையே சுத்திக்கிட்டு, ஆடாம போக ஆரம்பிச்சுது.

அடுத்த ரெண்டு மாசம் முழுக்க கால்தான், கைய பத்தி ஒரு வார்த்தை இல்ல. மூணு ஸ்டெப் டிராப், அஞ்சு ஸ்டெப் டிராப் (எறியறதுக்கு முன்னாடி பின்பக்கமா எடுத்து வெக்கற அடி), கடைசி அடில பிரேக் போட்டு முன்னாடி ஒரு குட்டி எட்டு, அதான் ஹிட்ச், அப்பறம் த்ரோ, இதையே திரும்பத் திரும்ப, சில நாள் பந்தே இல்லாம. எனக்கு டான்ஸ் கிளாஸ் பாக்கற மாதிரி இருக்கும். எறியற பலம் கையிலேருந்து வர்றதுன்னுதான் நான் அதுவரைக்கும் நெனச்சிட்டிருந்தேன். அது தரைலேருந்து ஏறி, இடுப்பு மொதல்ல திரும்பி, அப்பறம் தோள் திரும்பி, கடைசிலதான் கைக்கு வருது, சாட்டையோட நுனி மாதிரி. இவன் பின்னங்காலயே ஊனி எறிஞ்சிட்டிருந்ததால பாதி பலம் வீணாப் போயிட்டிருந்திருக்கு. ரெண்டாவது மாசக் கடைசில 28 யார்டு போய்ட்டிருந்த பந்து 35 தாண்டுச்சு, நானே கூம்பு வெச்சு எண்ணினேன். இதோட நிறுத்தியிருந்தா இந்த ரிவ்யூவே நாலு வரில முடிஞ்சிருக்கும்.

மூணாவது மாசம் கோச் போனை எடுத்தார். ஸ்லோ மோஷன்ல இவன் எறியறத எடுத்து, பக்கத்துல ஒரு பெரிய பிளேயரோட வீடியோவ வெச்சு, கோடு போட்டு, வட்டம் போட்டு, அதுக்கு தனியா ஒரு ஆப், மாசம் 20 டாலர். இவனுக்கு கை கொஞ்சம் தாழ்வா, பக்கவாட்டுல வரும். பந்து போற எடத்துக்கு ஒழுங்காத்தான் போய்ட்டிருந்துச்சு, ஆனா படத்துல அழகா இல்ல. முழங்கை தோளுக்கு மேல இருக்கணும், பந்து காதுகிட்ட இருக்கணும், இடது கைய நெஞ்சோட சேத்து மடக்கணும், முன்னங்கால் இந்தக் கோணத்துல விழணும், முடிக்கும்போது கட்டைவிரல் கீழ பாக்கணும். ஒரு நாள் வேலி ஓரமா நின்னு ஒரே ஒரு த்ரோவுக்கு எத்தன கரெக்‌ஷன் சொல்றார்னு எண்ணிப் பாத்தேன், எட்டு! மேட்ச்ல ஸ்னாப் ஆனதுலேருந்து, அதாவது பந்த இவன்கிட்ட குடுத்து ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து, பந்து கைய விட்டுப் போக இருக்கற நேரமே ரெண்டரை, மூணு செகண்டுதான், அதுல எட்ட எங்க வெக்கறது?

ஸ்கூல் சீசன்ல அது தெரிஞ்சுது. தேர்டு டவுன், அதாவது நாலு வாய்ப்புல மூணாவது, அஞ்சு யார்டு வேணும். இவனோட ஃப்ரெண்டு ஸ்லான்ட், அதாவது குறுக்கா உள்பக்கம் வெட்டி, ஓடி நடுவுல தனியா நிக்கறான், ஒரு ஆள் பக்கத்துல இல்ல, எனக்கே கேலரிலேருந்து தெரியுது, எனக்கு இந்த கேம்ல தெரியறதே கம்மி. இவன் பந்த இடது கையால ஒரு தட்டு தட்டறான், ரெண்டாவது தட்டு தட்டறான், அதுக்குள்ள எதிர் டீம் பையன் வந்து தூக்கிப் போட்டுட்டான். வீட்டுக்கு வந்து வீடியோ பாத்தா இவன் பந்து புடிக்கற ரிசீவரப் பாக்கவே இல்ல, குனிஞ்சு தன் காலப் பாத்துட்டிருக்கான். திட்டாம கேட்டேன். "எல்போ எறங்கிடுச்சான்னு யோசிச்சிட்டிருந்தேம்மா"ன்னான். எனக்கு வயித்தப் பெசஞ்சுது.

அந்த ஞாயித்துக்கிழமை பின்பக்கம் தோட்டத்துல தங்கச்சியோட விளையாடிட்டிருந்தான். அவளுக்கு 8 வயசு, எங்க ஓடுவான்னு அவளுக்கே தெரியாது. குப்பைத்தொட்டியச் சுத்தி ஓடறா, இவனும் இந்தப் பக்கமா ஓடிட்டே, திரும்பாமலே, இடுப்பு உயரத்துலேருந்து ஒரு எறி எறிஞ்சான் பாருங்க, நேரா அவ நெஞ்சுல போய் உக்காந்துச்சு பந்து. படம் புடிச்சு கோச்சுக்கு அனுப்பினேன், சந்தோஷப்படுவார்னு. "இந்தப் பழக்கத்ததான் மாத்தணும்"னு பதில் வந்துச்சு. பிள்ளையார் புடிக்கப் போயி குரங்கா முடியப் போகுதுன்னு எனக்கு அன்னிக்கே பட்டுடுச்சு.

அதுக்கப்பறம்தான் நான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். ஃபிலிப் ரிவர்ஸ்னு ஒருத்தர், என்எஃப்எல்ங்கற பெரிய புரொஃபஷனல் லீக்ல குவார்ட்டர்பேக்கா ஆடினவர், பந்த குண்டு எறியற மாதிரி பக்கத்துலேருந்து தள்ளுவார், பாக்கவே கோணலா இருக்கும், அவங்க அப்பாவே அலபாமால ஹைஸ்கூல் கோச், அந்தக் கையோடயே 8 தடவை ப்ரோ பவுல்ங்கற ஆல் ஸ்டார் மேட்சுக்குத் தேர்வாகியிருக்கார். பேட்ரிக் மஹோம்ஸ்னு இன்னொரு குவார்ட்டர்பேக் எப்படி வேணா எறிவார், அப்பா மேஜர் லீக் பேஸ்பால்ல பிட்சர், பையனும் பேஸ்பால் ஆடி வளந்ததால கை எந்தக் கோணத்துலேருந்தும் வருது. கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு நான் விளக்கவே வேணாம், மலிங்காவயும் பும்ராவயும் சின்ன வயசுல ஒருத்தர் புடிச்சு "அழகா" போட வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

ஆனா கோச்சே வேணாம்னு சொன்னா அது பொய். ஜாஷ் ஆலன்னு ஒரு என்எஃப்எல் குவார்ட்டர்பேக் 2018ல மொத சீசன் ஆடினப்ப 100 பாஸ்ல 53 கூட சேரல, 52.8 சதவீதம். 2020ல 69.2. நடுவுல ஜோர்டன் பாமர்னு ஒரு கோச்சோட ஆஃப் சீசன்ல வேலை செஞ்சார், டீம்லயும் பிரையன் டேபோல்னு ஆட்டத்துக்கு பிளான் போடற நல்ல கோஆர்டினேட்டர் இருந்தார். டாம் பிரேடி 2000 டிராஃப்ட்ல (டீமுங்க புது ஆட்டக்காரங்கள வரிசையா எடுக்கறது) 199வது ஆளா எடுக்கப்பட்டவர், ஸ்கூல் நாள்லேருந்து தெரிஞ்ச கோச் டாம் மார்ட்டினஸ்கிட்டயே, சாம்பியன் ஆனப்பறமும் போய் த்ரோவ சரிபாத்துக்கிட்டார். ஆனா இவங்க ரெண்டு பேரும் வளந்த ஆம்பளைங்க, எது சரியில்லன்னு அவங்களுக்கே தெரிஞ்சு போய்க் கேட்டது. என் பையன் இன்னும் மாசத்துக்கு ஒரு ஷூ சைஸ் மாத்திட்டிருக்கான், இன்னிக்கு சரி பண்ற கோணம் ஆறு மாசத்துல கை நீண்டா வேற கோணம்.

இன்னொரு கொடுமை, ரெண்டு கோச் ரெண்டு மாதிரி சொல்றது. ஸ்கூல் கோச்சுக்கு பந்து சீக்கிரம் கைய விட்டுப் போகணும், ஸ்லான்ட், ஸ்க்ரீன் மாதிரி குட்டி பாஸ், அவ்ளோதான், ஏன்னா ஏழாங்கிளாஸ்ல குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி லைன்ல நிக்கற பசங்களால எதிர் டீம ரொம்ப நேரம் பிளாக் பண்ண முடியாது. பிரைவேட் கோச் அஞ்சு ஸ்டெப் போய் நிமிந்து நின்னு எறியச் சொல்றார். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. பெரியவங்களே இதுல தடுமாறிப் போயிருக்காங்க, அலெக்ஸ் ஸ்மித் 2005ல மொத ஆளா டிராஃப்ட் ஆனவர், முதல் அஞ்சு சீசன்லயும் சீசனுக்கு ஒரு கோஆர்டினேட்டர் மாறிட்டாங்க, ஒரு பாஷை கத்துக்கறதுக்குள்ள அடுத்த பாஷை. சாம் டார்னால்டு 2018ல 3வதா டிராஃப்ட் ஆகி, தேற மாட்டார்னு கைகழுவப்பட்டு, நாலாவது டீமான மினசோட்டால 2024ல கெவின் ஓகானல்ங்கற கோச்கிட்ட போனப்பறம் 14 மேட்ச் ஜெயிச்சார். கோச்சு மேல பழியப் போடறதுக்கு முன்னாடி லைனயும் பாக்கணும், அதுவும் உண்மை. டேவிட் கார்னு ஒரு குவார்ட்டர்பேக் 2002ல மொத வருஷம் 76 தடவை சாக் ஆனார், அதாவது பந்த எறியறதுக்குள்ள கீழ தள்ளிட்டாங்க, அதுக்கு எந்த கோச் வந்து முழங்கைய சரி பண்ணி என்ன ஆகப்போகுது.

டாட் மரினோவிச் கதைய எங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். தொட்டில்ல இருந்தப்பவே அப்பா குவார்ட்டர்பேக்கா வளக்க ஆரம்பிச்சு, சாப்பாடுலேருந்து எல்லாம் கணக்குப் பண்ணி, 1991ல முதல் ரவுண்டுல டிராஃப்ட் ஆகி, போதைப் பழக்கத்துல சிக்கி, ரெண்டே சீசன்ல என்எஃப்எல்ல ஆட்டம் முடிஞ்சுபோச்சு. இவர் ஒண்ணும் பேசல, ஆனா அடுத்த நாள் அந்த 20 டாலர் ஆப்ப கேன்சல் பண்ணிட்டார்.

19வது செஷனுக்கு முன்னாடி நான் கோச்சோட உக்காந்து பேசினேன். கோவமா இல்ல, அந்த ஸ்லான்ட் வீடியோவ மட்டும் போட்டுக் காட்டினேன். குனிஞ்சு காலப் பாக்கறத ரெண்டு தடவை ஓடவிட்டுப் பாத்தார், அப்பறம் "இது என்னாலதான்"னார். இதுக்காகவே ஒரு ஸ்டார் கூட போடறேன், இப்படிச் சொல்ற ஆள் எத்தன பேர் இருக்காங்க. மீதி 6 செஷன்ல முழங்கைங்கற வார்த்தையே வரல. ரிசீவர் பின்னாடி போய் நின்னுக்குவார், விரல் காட்டுவார், இவன் எறியறப்ப அந்த நம்பர சத்தமா சொல்லணும். அவ்ளோதான் டிரில். நம்பரப் பாக்கணும்னா கண்ணு மேல இருந்தே ஆகணும், காலப் பாக்க நேரமே கிடையாது. மூணாவது செஷன்ல பழைய எறி திரும்பி வந்துடுச்சு, கை அதே தாழ்வாத்தான் வருது, யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா பந்தத் தட்டற பழக்கம் மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு, பிரஷர் வந்தா ஒரு தட்டு தட்டிடறான், அது எப்ப போகும்னு தெரியல.

போறவங்க மொத நாளே ரெண்டு கேள்வி கேட்டுடுங்க. ஸ்கூல் கோச் என்ன ஆட வைக்கறார்னு இவர் கேட்டுத் தெரிஞ்சுக்குவாரா, சீசன் நடக்கறப்ப கைய மாத்துவாரா. ரெண்டாவதுக்கு ஆமான்னா சீசன் முடிஞ்சு வாங்க. குரூப் கிளாஸ் 40 டாலர்தான், கால் வேலைக்கு அதுவே தாராளம், கூட நாலு பசங்க இருக்கறதால கோச்சுக்கு ஒருத்தன்கிட்ட எட்டு கரெக்‌ஷன் சொல்ல நேரமும் இருக்காது.

நாங்க பேக்கேஜ் புதுப்பிக்கல. மாசம் ஒரு குரூப் கிளாஸ், அதுவும் அவனே கேட்டா. அந்த 24ல மழைல ரத்தான 2 செஷனுக்கு பதில் செஷன் தர்றேன்னு சொல்லி ரெண்டு மாசமாச்சு, இன்னும் வரல, அத மட்டும் பின்னாடி வந்து அப்டேட் பண்றேன்.