தாத்தாவைத் தேட: இறப்புப் பதிவேடா, பத்திரமா?

ஊரைவிட்டுப் போன தாத்தாவின் கடைசிக் காலத்தைத் தேடுபவர்கள் முதலில் போவது இறப்புப் பதிவேட்டுக்கு. தேதி, இடம், தகப்பனார் பெயர் கிடைக்கும். ஆனால் ஊரும் ஆண்டும் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும்; 1969 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன்பு பதியாமலே விட்ட இறப்புகளும் நிறைய.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான சொத்துப் பத்திரம் இன்னும் அதிகம் பேசும். 1908 பதிவுச் சட்டப்படி, பதிவான பத்திரங்களைத் தேடுவதற்கான அட்டவணை ஆள் பெயர்வாரியாகவும் உண்டு. அதனால் சர்வே எண் தெரியாவிட்டாலும் பெயரைப் பிடித்துப் போகலாம். நகல் கைக்கு வந்ததும் ‘இன்ன தெருவில் வசிக்கும் இன்னார் குமாரர்’ என்ற வரியைப் பாருங்கள். அப்புறம் சாட்சிகளின் முகவரி. சாட்சி பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், அவர் பேரன் இன்னும் அங்கேயே இருக்கலாம். உயிரோடு இருக்கும்போதே சொத்தை உறவினருக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரமென்றால், கடைசியில் தாத்தாவைப் பார்த்துக்கொண்டது யார் என்றுகூடத் தெரியவரலாம். சொத்தே இல்லாதவர் என்றால் சரி, இறப்புப் பதிவேடுதான் வழி. மற்றவர்களுக்கு நான் பத்திரத்தைத்தான் சொல்வேன்.