ஆர்டுயினோ ஒப்டா: லேடரா, சி பிளஸ் பிளஸா?

பினாங்கின் பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரச் சிறு தொழிற்சாலைகளுக்குக் கண்ட்ரோல் பேனல் கட்டித் தரும் எங்களைப் போன்றவர்களிடம், ஆர்டுயினோ ஒப்டாவை ஒரு முழுமையான பிஎல்சியாக (இயந்திரங்களை நிரல்வழி இயக்கும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவியாக) நம்பிப் பொருத்தலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஆர்டுயினோ நிறுவனம் 2022-இல் அறிமுகப்படுத்திய இக்கருவி டின் ரெயிலில் (பேனலுக்குள் கருவிகளைப் பொருத்தும் உலோகச் சட்டத்தில்) மாட்டக்கூடியது. 12 முதல் 24 வோல்ட் டிசியில் இயங்குவது. 8 உள்ளீடுகளும், 10 ஆம்பியர் தாங்கும் 4 ரிலே (மின்காந்த சுவிட்ச்) வெளியீடுகளும் கொண்டது. உள்ளிருக்கும் இரட்டைக் கரு எஸ்டிஎம்32 சில்லின் முதன்மைக் கருவின் வேகம் 480 மெகாஹெர்ட்ஸ். பம்பு, கன்வேயர் வேலைகளுக்கு அது தேவைக்கு மிகவும் அதிகம். இதன் உண்மையான சிறப்பு, பிஎல்சிக்குரிய மொழிகளிலும் ஆர்டுயினோவுக்கே உரிய சி பிளஸ் பிளஸிலும் ஒரே கருவிக்கு நிரல் எழுதலாம் என்பதில் இருக்கிறது.

1993-இல் முதன்முதலில் வெளியான ஐஇசி 61131-3 என்ற பிஎல்சி மொழித் தரநிலையின் ஐந்து மொழிகளையும் இதற்கு நிரல் எழுதும் பிஎல்சி ஐடிஇ மென்பொருள் ஏற்கிறது. அவற்றுள் இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்ட் 2013 பதிப்பிலேயே கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டுவிட்டதால் அதைப் பற்றி இங்குப் பேச வேண்டியதில்லை.

பிறையில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் மேல்தொட்டிக்கு நீரேற்றும் இரண்டு பம்புகளை மாறி மாறி இயக்கும் பேனலுக்கு, ஒரே தர்க்கத்தை இரு வழிகளிலும் எழுதிப் பார்த்தேன். மின்சுற்றுப் படம் போலப் படிப்படியாக வரையும் பிஎல்சி மொழியான லேடரில், ஸ்டார்ட் பொத்தானுக்கு இணையாகப் பம்பின் சொந்தக் கான்டாக்டை (சுவிட்ச் முனையை)ப் போட்டு, வரிசையில் ஸ்டாப் பொத்தானையும் மோட்டாரின் மிகைச்சுமையில் திறக்கும் ஓவர்லோடு கான்டாக்டையும் நீர்மட்டத்தைப் பார்க்கும் ஃப்ளோட் சுவிட்சையும் வைத்தால் ஒரு படி முடிந்துவிடுகிறது. கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய ரிலே) வயரிங் தெரிந்த எவரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவார். நள்ளிரவு ஷிஃப்டில் பம்பு ஓடவில்லை என்றால், டெக்னீஷியன் மடிக்கணினியை இணைத்து, மின்னோட்டம் எந்தக் கான்டாக்டோடு நின்றுவிட்டது என்பதைத் திரையில் நேரடியாகக் காணலாம். அதற்குத் திட்டக் கோப்பு கையில் இருக்க வேண்டும். ஆகவே அதை ஒரு பென்டிரைவில் போட்டுப் பேனல் கதவின் உட்பையில் வைத்துவிடுவது நல்லது.

அதே தர்க்கம் சி பிளஸ் பிளஸில் வரிக் கணக்கில் சிறியதுதான், ஆனால் ஆபத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கின்றன. ஐந்து விநாடி காத்திருக்க டிலே கட்டளையை எழுதினால், அந்த ஐந்து விநாடியும் ஸ்டாப் பொத்தானைக் கவனிக்க அந்த நிரலில் ஆளில்லை. அதைத் தவிர்க்க கருவி தொடங்கியதிலிருந்து மில்லிவிநாடிகளை எண்ணும் மில்லிஸ் கணக்கைப் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல்: அந்த 32 பிட் எண் ஏறத்தாழ 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கழிந்த நேரத்தைக் கழித்துப் பார்க்காமல், இலக்கு நேரத்தை முன்கூட்டியே கூட்டி வைத்து ஒப்பிடும் நிரல் அந்த நாளில் தடுமாறும். மேசையில் வைத்து ஒரு வாரம் சோதிப்பவர் இதைக் காணவே மாட்டார். மாதக் கணக்கில் நிற்காமல் ஓடும் பேனலில்தான் அது தலைகாட்டும். லேடரின் டைமர் பிளாக்கில் எழுதுபவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

இதற்காகச் சி பிளஸ் பிளஸை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். தொட்டி அளவை எம்கியூடிடி (வலைப்பின்னலில் சிறு செய்திகளை அனுப்பும் முறை) வழியாக அலுவலகக் கணினிக்கு அனுப்புவது, ஒரு கருவி அனுப்பும் எழுத்துச் சரத்தைப் பிரித்தெடுப்பது போன்றவற்றை லேடரில் செய்வது வீண் சித்திரவதை. ஒப்டாவில் பிஎல்சி நிரலும் ஆர்டுயினோ ஸ்கெட்சும் (சி பிளஸ் பிளஸ் நிரலும்) பொது மாறிகள் வழியாகப் பேசிக்கொள்ள முடிவதால், பம்பை இயக்குவதை லேடரிடமும் தகவல் அனுப்புவதை ஸ்கெட்சிடமும் விட்டேன். சராசரி எடுப்பது, அளவு மாற்றுவது போன்ற கணக்குகளுக்குப் அந்த ஐந்து மொழிகளுள் ஒன்றான, பாஸ்கல் சாயலுள்ள ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் வசதியாக இருக்கிறது. எமர்ஜென்சி ஸ்டாப் எந்த மொழியையும் நம்பி இருக்கக்கூடாது. அது வயரிலேயே கான்டாக்டரின் மின்சாரத்தை வெட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. பிஎல்சி ஐடிஇ விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது. உள்ளீடுகள் நேர்மின் அழுத்தத்தை எதிர்பார்ப்பதால் நேர்மின்னை வெளியே தரும் பிஎன்பி சென்சார்கள் நேரடியாகப் பொருந்துகின்றன. பழைய இயந்திரங்களில் அதிகம் காணப்படும் என்பிஎன் சென்சார்கள் சிக்னலைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுப்பவை; அவற்றுக்கு, உள்ளீட்டை நேர்மின்னோடு இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டரை வெளியே போட வேண்டும். வெளியீடுகள் ரிலே என்பதால் ஸ்டெப்பர் மோட்டாருக்கு வேகமான பல்ஸ் தருவதற்கு இக்கருவி ஏற்றதன்று.

ஒப்டா லைட், ஆர்எஸ்485, வைஃபை என மூன்று வகைகளில் வருகிறது; ஈதர்நெட் மூன்றிலும் உண்டு. இன்வெர்ட்டரையோ (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மின்மானியையோ மோட்பஸ் ஆர்டியூவில் (ஆர்எஸ்485 கம்பி வழித் தகவல் முறையில்) இணைக்க வேண்டியிருந்தால் லைட் வகையைத் தவிர்த்து, ஆர்எஸ்485 வகையை வாங்குங்கள். இரும்புப் பேனலுக்குள் பூட்டி வைக்கப்போகும் கருவிக்கு வைஃபை வகையின் கூடுதல் விலையை நான் கொடுக்கமாட்டேன்.