பாலை அட்டைதான் பிரச்சினை

கோத்தகிரியில் இருக்கும் எழுத்துத் தோழி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அந்தக் கதைத் திட்டம் போடுற செயலி விலை குறைஞ்சிருக்கு. வாங்கட்டுமா, இல்ல உங்க அட்டை முறைக்கே வந்துடட்டுமா?" போனில் பேசினால் நீளும். அதனால் எழுதிவிடுகிறேன்.

காட்சிக்கு ஓர் அட்டை, கார்க் பலகை, குண்டூசி. இது பலரும் செய்வதுதான். நான் சேர்த்துக்கொண்டது நிறம். பள்ளியில் மனப்பாடம் செய்த ஐந்திணை உரிப்பொருளை அப்படியே எடுத்துக்கொண்டேன். கூடல் குறிஞ்சி, அதற்கு நீலம். காத்திருப்பு முல்லை, பச்சை. ஊடல் மருதம், மஞ்சள். புலம்பல் நெய்தல், சாம்பல். பிரிவு பாலை, சிவப்பு. பலகையைத் தள்ளி நின்று பார்த்தாலே கதை எங்கே சப்பென்று கிடக்கிறது என்று தெரிந்துவிடும். மஞ்சளாகவே நீண்டால் வாசகி ஓடிவிடுவாள்.

இதில் நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்று உண்டு. இணையத் தொடருக்கு எழுதித் தரச் சொல்பவர்கள் பெரும்பாலும் கேட்பது கட்டாயக் கல்யாணக் கதை. முதல் அத்தியாயத்திலேயே தாலி ஏறிவிடும், காதல் கடைசியில்தான் வரும். மருதத்தில் தொடங்கிக் குறிஞ்சியில் முடிக்க வேண்டும். சங்கப் பாட்டுக்கு வகுத்த ஏற்பாடு இந்தத் தலைகீழ் வரிசைக்கும் சிணுங்காமல் பொருந்துகிறது. கதைச்சுருக்கம் கேட்டால் பலகையைப் பார்த்துத் தட்டச்சு செய்து அனுப்பிவிடலாம்.

சரி, இனி சிவப்பு. என் பிராணனை வாங்குவது இந்த அட்டைதான். மற்ற நான்கும் எப்படியாவது நிரம்பிவிடும், பிரிவுக்கு மட்டும் காரணம் வேண்டும். இருவர் கையிலும் போன் இருக்கும் காலத்தில் எதைச் சொல்லிப் பிரிப்பது? ஐப்பசி மழையில், மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியார் பக்கம் மண் சரிந்து சாலை அடைபட்டது என்று எழுதினால், "கோத்தகிரி வழியா வர வேண்டியதுதானே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மலை ரயிலை நிறுத்தலாம் என்றால், மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும் வண்டியில் எந்த ஹீரோ அவசரமாக வருவான்? கொண்டை ஊசி வளைவில் டவர் கிடைக்கவில்லை என்பது ஓர் அத்தியாயம் தாங்கும். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது பிரித்து 2030-இல் சேர்க்கலாம், அழகான யோசனை. வாரத் தொடரில் 12 வருடம் யார் காத்திருப்பது?

பழைய புலவர்களுக்குப் பொருள்வயிற் பிரிவு இருந்தது. பொருள் தேடிப் போனவன் கார்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவான், அவ்வளவுதான். அது இங்கே இன்றும் உண்மை. பச்சைத் தேயிலை விலை விழுந்தால் பையன்கள் திருப்பூருக்கு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் எனக்கு வரும் ஆர்டரில் ஹீரோ எஸ்டேட் முதலாளியாக இருந்தே ஆக வேண்டும். எஸ்டேட் முதலாளி பணத்துக்காக எங்கே பிரிவான்?

அப்போது காரணம் வெளியில் கிடைக்காது, கதாநாயகி சொல்லாமல் விழுங்கும் ஏதோ ஒன்றில் இருந்துதான் வர வேண்டும். பிரிவு அங்கே விழுந்தால்தான் கடைசி நீலத்துக்கும் மதிப்பு. அட்டை முறையின் குறை சரியாக இங்கேதான். என்ன நடக்கிறது என்று எழுத அட்டையில் இடம் உண்டு. ஏன் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை என்பதைப் பின்பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது. பின்பக்கம் பலகையோடு ஒட்டிக் கிடக்கும், யார் கண்ணிலும் படாது. அத்தியாயம் எழுதும் நேரத்தில் அது இல்லாததற்குச் சமம். அப்புறம் வழக்கம்போல ஒட்டுக்கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்கிறாள். இரண்டு நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் என்று வாசகிகள் திட்டுகிறார்கள்.

அந்தச் செயலியைச் சோதனைக் காலத்தில் பார்த்தேன். ஒவ்வொரு காட்சிக்குப் பக்கத்திலும் பாத்திரத்தின் பயம், மறைப்பது என்ன என்று கண்முன்னே நிற்கிறது. வேறெதுவும் பெரிதாகப் பிடிக்கவில்லை. அதன் ஆயத்தப் படிவங்கள் எல்லாம் ஒரே அச்சு. குன்னூர் மழையில் கரண்ட் போனால் என் பலகை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் வேலை செய்யும், அது செய்யாது. குண்டூசி துருப்பிடிப்பதும் ஸ்கெட்ச் மை ஊறுவதும் எனக்குப் பழகிவிட்டது. நான் மாறப்போவதில்லை.

நீ வாங்கிக்கொள், சலுகை முடிவதற்குள். அதில் உருப்படியான பிரிவுக் காரணம் ஒன்று கிடைத்தால் எனக்கும் அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் சிவப்பு அட்டை ஒன்று நிரப்ப வேண்டியிருக்கிறது.